அரிட்ட மலையில் ஒரு நடை

நம் நாட்டில் நடை என்பது பெரும்பாலும் ஓரிடத்தைச் சென்றடைவதற்கான நடையேயாகும். கதிர்காமத்துக்குக் காட்டுவழியே நடப்போர் முருகன் சந்நிதியை நினைந்து நடக்கின்றனர். சிவனொளிபாத மலையில் ஏறுவோர், ஞாயிறு எழுமுன் உச்சியை எட்டிவிடவேண்டும் என்று மூச்சிரைக்க ஏறுகின்றனர். சந்தைக்குச் செல்வோரும் பள்ளிக்குச் செல்லும் பிள்ளைகளும் அவ்வாறே. இன்று நான் உங்களுக்குச் சொல்ல வந்தது இவற்றினின்றும் வேறான ஒரு நடையைப் பற்றியது. உச்சியை அடைய எவரையும் எளிதில் விடாத ஒரு மலையில், பாதி வழி நடந்து, வெறுங்கையோடு திரும்பிய கதை அது.

அந்த மலையின் பெயர் ரிட்டிகல. அநுராதபுர மாவட்டத்தில், மரதன்கடவலவிலிருந்து ஹபரணைக்குச் செல்லும் பெருவீதியினின்றும் வடக்கே திரும்பினால், வயல்களுக்கும் குளங்களுக்கும் அப்பால் அது நிற்பதைக் காணலாம். கடல் மட்டத்திலிருந்து அதன் உயரம் 766 மீற்றர். மத்திய மலைநாட்டைக் கண்டு பழகியவர்களுக்கு இஃதொரு பெரிய உயரமன்று. ஆனால் சுற்றிலும் தட்டையாய்க் கிடக்கும் சமவெளியில் தனித்து எழுந்திருத்தலின், பக்கத்து மலைகளோடு ஒப்பிட்டுச் சிறுமை கூறுதற்கு வழியின்றி, அது தன் உயரத்தைக் காட்டிலும் உயர்ந்ததாகவே தோன்றுகின்றது.

அங்கே செல்லவேண்டும் என்ற ஆசை என்னுடையதன்று, என் தந்தையாருடையது. அவர் ஒரு பரியாரியார். வவுனியாவை அடுத்த சிற்றூர் ஒன்றில் 60 ஆண்டுகளுக்கு மேல் நாடி பார்த்தவர். இப்பொழுது 85 வயதைக் கடந்து சாய்மனைக் கதிரையோடு இருக்கின்றார். கண் மங்கிவிட்டது, முழங்கால்கள் அவருடைய எண்ணெய்களுக்கே கட்டுப்பட மறுக்கின்றன. மூக்கு மட்டும் பழைய கூர்மையோடு இருக்கின்றது. அடுக்களையிற் கொத்தமல்லி வறுக்கும்போது, ஒரு கணம் கூடுதலாக வறுபட்டால், முற்றத்திலிருந்தே குரல் கொடுத்துவிடுவார்.

1950களின் இறுதியில், அவர் மருத்துவம் பயிலும் இளைஞராயிருந்த காலத்தில், தம் ஆசானோடு ஒருமுறை ரிட்டிகல அடிவாரத்துக்குச் சென்றிருந்தாராம். அங்கே ஒரு கிராமத்தில் ஆசானுக்கு நண்பரான சிங்கள வைத்தியர் ஒருவர் இருந்தார். விஷக்கடிக்கு மருந்து செய்வதில் வல்லவர். ஆசான் வடக்கிலிருந்து பனங்கட்டியும் உலர்ந்த வேர்கள் சிலவும் கொண்டுபோவார். வைத்தியர் தம் தோட்டத்து மூலிகைகளைக் கொடுப்பார். ஒருவர் மொழியை மற்றவர் பாதியே அறிவர். ஆயினும் ஒரு வேரைக் கையிற் கொடுத்தால் இருவருக்கும் அதன் குணம் முழுதுந் தெரியும். என் தந்தையார் அந்த வீட்டுத் திண்ணையிலிருந்து மலையைப் பார்த்தார். அதன் தலையில் மேகம் படிந்திருந்தது. ஏறிப் பார்க்கலாமா என்று கேட்டதற்கு, "அது கைவைக்கிற மலையில்லை" என்று சொல்லி ஆசான் மறுத்துவிட்டார். பின்பு தொழில் வந்தது, குடும்பம் வந்தது, போரும் வந்தது. போர்க்கால ஆண்டுகளில் வவுனியாவைக் கடந்து தெற்கே போவதென்பது மூலிகை தேடிப் போகிறவனுக்குரிய பயணமாய் இருக்கவில்லை. வழி திறந்தபோது கால் மறுத்தது.

ஆகவே என்னை அழைத்தார். "தம்பி, நீ ஒருக்கால் போய் நடந்திட்டு வா. வரும்போது ஒரு இலை கொண்டு வா. எந்த இலையெண்டாலும் சரி. மணத்திலை நான் கண்டுபிடிப்பன்" என்றார்.

"சரி ஐயா" என்று நான் வாக்குக் கொடுத்தேன். எத்துணை எளிதாக வாக்குக் கொடுத்துவிட்டோம் என்பது அங்கே போன பிறகே தெரிந்தது.

பரியாரிமாருக்கு இந்த மலைமீது ஏன் இத்துணை மோகம் என்று நீங்கள் கேட்கலாம். இலக்குவன் மூர்ச்சித்துக் கிடந்தபோது அநுமன் மருத்துமலையைப் பெயர்த்து வந்த கதையை நாமெல்லாம் அறிவோம். கம்பன் அதற்கென ஒரு படலமே வகுத்திருக்கின்றான். அங்ஙனம் கொண்டுவந்தபோது மலையின் துண்டுகள் சில வழியில் விழுந்தன என்பது காப்பியத்திலில்லாத, ஆனால் இத்தீவு மக்களின் நாவில் வாழும், கர்ணபரம்பரைக் கதை. காலிக்கு அருகே உருமஸ்ஸல ஒரு துண்டு. தொலுகந்த ஒரு துண்டு. மன்னாரின் தள்ளாடி ஒரு துண்டு. கச்சதீவும் ஒரு துண்டு என்பர். ரிட்டிகல அவற்றுள் ஒன்று. கதையைக் கட்டியவன் வெறும் கற்பனையால் கட்டினான் என்று நான் நினைக்கவில்லை. அவன் இந்த மலையை ஊன்றிப் பார்த்திருக்கவேண்டும். சமவெளியில் இல்லாத செடிகள் இதன் தலையில் இருக்கின்றன. அவை எங்கிருந்தோ கொண்டுவந்து வைத்தனபோலத்தான் இருக்கின்றன.

அதன் காரணம் காற்றிலே இருக்கின்றது. அநுராதபுரப் பகுதி வறள்வலயம். ஆண்டிற் பல மாதங்கள் மழை காணாதது. வாடைக் காலத்தில் வங்கக்கடலிலிருந்து வரும் ஈரக்காற்றும், சோளகக் காலத்தில் தெற்கிலிருந்து வயலையெல்லாம் காயவைத்துக்கொண்டு வரும் காற்றும், இம்மலையில் மோதி மேலெழும்போது குளிர்கின்றன. குளிர்ந்ததும் மேகமாய் உச்சியிற் படிகின்றன. கீழே குளம் வெடித்துக் கிடக்கையிலும் மேலே பாசி நனைந்திருக்கும். அடிவாரத்திலே பாலை, வீரை, முதிரை, கருங்காலி என்று நம் வன்னிக் காட்டுக்குரிய மரங்கள். உச்சியிலோ குறுகிய, முறுக்கிய, ஓர்க்கிட்டுச் செடிகள் பற்றிய, மலைநாட்டை நினைவூட்டும் மரங்கள். ஒரு மலைக்குள் இரண்டு நாடுகள் அடங்கியிருக்கின்றன எனலாம்.

அங்கே படியும் ஈரம் அங்கேயே நின்றுவிடுவதுமில்லை. ரிட்டிகல, இனாமலுவைக் குன்றுகளிலிருந்தே மல்வத்து ஓயா பிறக்கின்றது. அநுராதபுரத்தைக் கடந்து வடமேற்கே ஓடி, நம்மவர் வாயில் அருவியாறு என்று பெயர் மாறி, 164 கிலோமீற்றர் நடந்து மன்னார்க் கடலிற் கலக்கின்றது. இலங்கை ஆறுகளுள் நீளத்தால் இரண்டாவது இதுவே. வழியிலே தேக்கம் என்னுமிடத்தில் அதன் நீரை மறித்துக் கட்டுக்கரைக் குளத்துக்குத் திருப்புகின்றனர். மாந்தைப் பக்கத்து வயல்களில் நெல் அறுப்பவர் ரிட்டிகலவை ஒருகாலுங் கண்டிராமலிருக்கலாம். அவர் உண்ணும் சோற்றில் அதன் மேகமும் ஒரு பங்கு உண்டு.

வைகாசி மாதத்தில் ஒருநாள், விடியுமுன் வவுனியாவிலிருந்து புறப்பட்டு, மதவாச்சி, மிகிந்தலை, மரதன்கடவல வழியாகக் காலை எட்டு மணியளவில் மலையடிக்குச் சேர்ந்தேன். அடிவாரக் கிராமத்து இளைஞன் ஒருவன் வழித்துணையாக வந்தான். என் சிங்களம் கடைத்தெருச் சிங்களம். அவன் தமிழ் அதனினும் குறைவு. அவன் என்னை "மாத்தயா" என்றான். நான் அவனை "மல்லி" என்றேன். அதற்குமேற் பேச்சு அதிகம் வேண்டியிருக்கவில்லை.

முதலில் எதிர்ப்படுவது ஒரு பெருங்குளம். பந்த பொக்குண என்பர். சுற்றிலும் கருங்கற்படிகள், ஒன்றன்கீழ் ஒன்றாக, ஓர் அரங்கத்தின் இருக்கைகள் போல இறங்குகின்றன. நான் சென்ற போது அடியில் நீரில்லை; சருகும் புல்லுமே கிடந்தன. மலைக்கு ஏறுவோர் இங்கே நீராடிய பின்னரே மேலே செல்வர் என்று வழித்துணைவன் சைகையாற் காட்டினான். படிகளின் வேலைப்பாட்டை நோக்கினால், இதனைக் கட்டியவன் அவசரக்காரனல்லன் என்பது தெரிகின்றது.

மகாவம்சம் இம்மலையை அரிட்ட பர்வதம் என்கின்றது. தன் மாமன்மாரோடு போர் தொடுக்குமுன் பண்டுகாபயன் ஏழாண்டுகள் இங்கே தங்கிப் படைதிரட்டினான் என்பது அந்நூலிற் காணப்படும் செய்தி. அரிட்ட என்னும் பெயரே ரிட்டிகல ஆயிற்று என்பர் ஒருசாரார். மலையில் வளர்ந்த ரிட்டி மரத்தாற் பெயர் வந்தது என்பர் மற்றொருசாரார். ரிட்டி என்பது நாம் மரவுரி மரம் என்று சொல்வது. அதன் பட்டையை அடித்துப் பதமாக்கி முற்காலத்திற் சாக்குப்பைகள் செய்தனர். அரிட்டம் என்ற சொல்லைக் கேட்டதும் என் தந்தையாருக்கு நினைவு வந்தது புளிக்கவைத்துச் செய்யும் மருந்துச் சாடிதான் என்பதையும் இங்கே சொல்லிவைக்கிறேன்.

குளத்தைக் கடந்து சற்று ஏறினால் ஒரு கட்டடத்தின் அடித்தளம். நடுவே தாழ்ந்த சதுரமுற்றம். சுற்றிலுந் தூண் நின்ற இடங்கள். ஒரு பக்கத்தில் மருந்தரைத்த கல் என்று காட்டப்படும் ஒரு கல். இஃது ஒரு மருத்துவசாலை என்று பலருஞ் சொல்வர். துறவிகள் வெந்நீராடிய கூடம் என்று கொள்வாரும் உளர். மூலிகையிட்டுக் காய்ச்சிய நீரில் உடலை வேர்க்கவைப்பதும் மருத்துவமேயாதலின், இவ்விரு கூற்றுக்கும் பெரும் பகை இல்லையென்று எனக்குப் பட்டது. பரியாரியார் மகன் அல்லவா? அங்கே கொஞ்ச நேரம் நின்றேன். ஆனால் மேலே தெரிந்த கல்வழி என்னை இழுத்துக்கொண்டிருந்ததால், நின்றவன் சரியாகப் பார்க்காமற் போய்விட்டேன். அந்தத் தவறு பின்னர் வெளிவரும்.

நேயர்களே, அந்தக் கல்வழியைப் பற்றித்தான் நான் விரிவாகச் சொல்ல விரும்புகின்றேன். ஏறக்குறைய ஐந்தடி அகலம். செதுக்கிய பலகைக் கற்களை ஒன்றோடொன்று இசைத்துப் பாவியிருக்கின்றனர். இரு புறமும் விளிம்புக்கல். ஏற்றம் வரும் இடங்களிற் படிகள். ஆனால் அப்படிகளின் உயரம் மிகக் குறைவு. நம் வீட்டுப் படிகளில் ஏறுவதுபோல ஏறினால் இரண்டிரண்டாய்த் தாண்டத் தோன்றும். தாண்டினாலோ அடுத்த அடி கற்களின் இடையில் இசைகேடாய் விழும். நான் முதலில் விரைந்து நடந்தேன்; இருமுறை இடறினேன். வழித்துணைவன் சிரிக்காமல் நின்று காத்தான். பிறகு, வழி எனக்கு நடக்கக் கற்பித்தது. ஒரு படிக்கு ஓரடி, அடிக்கு ஒரு மூச்சு என்று கால் தானே அடங்கிற்று. ஆயிரம் ஆண்டுகளுக்கு முற்பட்ட கற்றச்சன் ஒருவன், தான் கண்டிராத ஒருவனின் நடைவேகத்தைத் தன் உளியால் வரையறுத்து வைத்திருக்கின்றான்! அரசன் தேரோடவேண்டிய வீதியை எவனும் இவ்வாறு அமைக்கமாட்டான்.

வழி நேரே செல்வதில்லை. மரங்களுக்குப் பணிந்தது போல வளைந்து செல்கின்றது. இடையிடையே வட்டமான மேடைகளில் வந்து சேர்ந்து, அதைச் சுற்றி மறுபுறம் புறப்படுகின்றது. அங்கே நின்றால் வந்த வழியும் தெரியாது. போகும் வழியும் சில அடிக்கு மேல் தெரியாது. ஓரிடத்தில் நீரோடையின் மேற் கற்பாலம். பெருமரங்களின் வேர்கள் சுவர்போல எழுந்து நிற்கின்றன. கொடிகள், தாம் பற்றிய மரம் விழுந்த பின்னும், அது நின்ற வடிவத்தை நினைவில் வைத்திருப்பன போல வளைந்து தொங்குகின்றன.

அமைதி என்று சொல்லிவிடுகிறோம். காட்டின் அமைதி ஓசையின்மை அன்று. சிள்வண்டின் ஒலி இடைவிடாது இருந்தது. சிறிது நேரத்திற் காது அதனை மறந்தது. எங்கோ குக்குறுவான் ஒரே சொல்லைத் திரும்பத் திரும்பச் சொல்லிக்கொண்டிருந்தது. மந்திக் கூட்டம் ஒன்று எங்களைக் கண்டு கிளைமாறியபோது சருகுகள் மழைபோலக் கொட்டின. மலையணில் ஒன்று தலைகீழாய்ப் பற்றிநின்று நெடுநேரம் பார்த்தது. கரடியும் யானையும் இக்காட்டில் உண்டு. அவற்றின் தரிசனம் எனக்குக் கிடைக்கவில்லை, அதற்காக நான் வருந்தவுமில்லை. இவ்வளவு ஓசைக்கிடையிலும் மனிதக் குரல் ஒன்றில்லாமையையே நாம் அமைதி என்று சொல்கிறோம் போலும்.

வழியின் இரு பக்கமும், மரங்களுக்கிடையே, இரட்டை மேடைகள் எதிர்ப்படுகின்றன. பெருங்கற்களால் உயர்த்திய இரு மேடைகள்; நடுவே ஒற்றைக் கற்பலகை பாலமாகக் கிடக்கும். ஒரு மேடையில் தூண்கள் நின்ற அடையாளம். ஆகவே அதற்குக் கூரை இருந்தது. மற்றது வெறுமையானது, அதற்கு வானமே கூரை. சிலைகள் இல்லை. தாதுகோபம் இல்லை. அரசமரத்துக்கு மாடம் இல்லை. அநுராதபுரத்திலே விண்ணை முட்டும் தாதுகோபங்களைக் கண்டு வருபவன் இங்கே திகைத்துப்போவான். வணங்குதற்குரிய பொருள் எதுவும் இல்லாத ஒரு பள்ளி!

இங்கே வாழ்ந்தவர்கள் பாம்சுகூலிகர் என்னும் துறவிகள். மயானத்திலும் குப்பையிலும் எறிந்த கந்தல்களைப் பொறுக்கித் தைத்து உடுத்தவர்கள். மலைக்குகைகளில் கிறித்துவுக்கு முற்பட்ட காலத்துப் பிராமிச் சாசனங்கள் இருத்தலின், துறவிகள் அதற்கு முன்பே இங்கிருந்தனர் என்பது தெளிவு. ஆயினும் இக்கல்வழிக்கும் மேடைகளுக்கும் உரிய பெரும்பள்ளியை, ஒன்பதாம் நூற்றாண்டில், 833 முதல் 853 வரை ஆண்ட முதலாம் சேனன் கந்தலுடுத்த இத்துறவிகளுக்காக எடுப்பித்தான் என்று சூளவம்சம் கூறுகின்றது. வருவாயும் ஏவலாளரும் அரச சிறப்புகளும் அளித்தானாம். கந்தல் உடுத்தவர்க்குக் கருங்கல் மாளிகை! உடையிலே துறந்ததை உறையுளிலே ஏற்றார்களோ என்று ஒரு கணம் நினைத்தேன். ஆனால் அம்மேடைகளைப் பார்த்தால், மாளிகையிலே நாம் எதிர்பார்க்கும் எதுவும் அங்கே இல்லை. இருக்க ஓர் இடம், நடக்க ஓர் இடம், அவ்வளவே.

ஆம், நடக்க ஓர் இடம். பௌத்தத் துறவிகள் இருந்து தியானிப்பது போலவே நடந்தும் தியானிப்பர். சிங்களத்திலே சக்மன் என்பது அதன் பெயர். அதற்குரிய வெளி சக்மன் மளுவ. ஓர் எல்லையிலிருந்து மற்றோர் எல்லைக்கு மெல்ல நடந்து, திரும்பி, மீண்டும் அவ்வழியே நடப்பது. பாதம் எழுவதையும் முன்னே செல்வதையும் மண்ணைத் தொடுவதையும் மனம் விடாது பின்தொடரும். சென்று சேரும் இடம் இல்லாத நடை. வழியெல்லாம் என் கால் ஏன் அடங்கிற்று என்பது, அவ்வெற்று மேடையில் நின்றபோதுதான் எனக்கு விளங்கிற்று. நானும் அங்கே நடந்து பார்த்தேன். ஆறு முறை திரும்புவதற்குள், அடுத்த மாதம் கட்டவேண்டிய காசைப் பற்றி நினைத்துக்கொண்டிருந்தேன். கந்தலுடுத்தவர்களின் மனவலி எனக்கு அங்கேதான் தெரிந்தது.

சோழர் படையெழுச்சிகளின் காலத்தோடு இப்பள்ளி கைவிடப்பட்டது என்பர். பின்னர் காடு தன் இடத்தைத் தானே எடுத்துக்கொண்டது. 1872இல் ஜேம்ஸ் மான்டெல் என்ற நிலஅளவையாளர் இவ்விடிபாடுகளைக் கண்டார். 1893இல் தொல்பொருள் ஆணையாளர் எச். சி. பி. பெல் இவற்றை ஆராய்ந்தார்.

இடிபாடுகளுக்கு மேலே நல்ல வழி முடிந்துவிடுகின்றது. அதற்குமேல் மலை மலைக்கே உரியது. 1941ஆம் ஆண்டிலே 1,528 ஹெக்டேர் பரப்பைக் கடும் இயற்கை ஒதுக்கமாகப் பிரகடனம் செய்தனர். இலங்கையில் இவ்வகை ஒதுக்கங்கள் ரிட்டிகல, ஹக்கல, யால ஆகிய மூன்றே. தேசிய வனங்களிலே சீப் வண்டியில் ஏறி யானை பார்த்துவரலாம். கடும் ஒதுக்கத்திலோ ஆராய்ச்சியாளரும் வனசீவராசிகள் திணைக்களத்தின் அனுமதி பெற்றே நுழையவேண்டும். என்னைப் போன்றவர்களுக்கு உரியது இடிபாடுகளைச் சூழ்ந்த பகுதி மட்டுமே.

அந்த எல்லையில்தான் என் வாக்குக்குச் சோதனை வந்தது. வழியோரத்தில் ஒரு சிறு செடி. இலை தடித்து, மென்மயிர் படர்ந்து, கசக்கினால் மணக்கும் என்று கண்ணுக்கே தெரிந்தது. கை நீண்டது. "எப்பா, மாத்தயா" என்றான் வழித்துணைவன். வேண்டாம் என்பது பொருள். கையை இழுத்துக்கொண்டேன். சற்றுத் தள்ளி விழுந்துகிடந்த இலையொன்றை எடுத்தேன். உதிர்ந்த இலைக்கு என்ன தடை? அவன் ஒன்றுஞ் சொல்லவில்லை. ஆனால் பார்த்துக்கொண்டு நின்றான். என் தந்தையார் முதியவர், நோயாளி, பரியாரியார், ஓர் இலையை மணந்து பார்க்க ஆசைப்படுகிறார் என்று என் உடைந்த சிங்களத்தில் விளக்கினேன். பொறுமையாகக் கேட்டான். பின்பு, இம்மலையை யக்ஷர் காவல் செய்கின்றனர் என்றும், இங்கிருந்து எதையும் எடுத்துச் செல்பவன் வழி தவறுவான் என்றும் தன் பாட்டி சொல்வாள் என்றான். சட்டமும் அதையே சொல்கிறது என்றான். "இரண்டில் எதற்கு நீ பயப்படுகிறாய்?" என்று கேட்டேன். "பாட்டிக்கு" என்றான்.

இலையைக் கீழே போட்டேன். மனம் கசந்தது என்பதை மறைக்கமாட்டேன். ஒரு கிழவரின் மூக்குக்கு ஓர் இலை கொடுத்தால் ஒரு மலை குறைந்துவிடுமா என்று இறங்கும் வழியெல்லாம் எண்ணினேன்.

வீடு திரும்பியபின், இம்மலையைப் பற்றிப் படித்தவற்றை மீண்டும் எடுத்துப் பார்த்தேன். 1880 முதல் 1896 வரை பேராதனைப் பூங்காவின் பணிப்பாளராயிருந்த ஹென்றி திறைமன் ரிட்டிகலவின் தாவரங்களைப் பற்றி 1889இல் ஒரு கட்டுரை எழுதியிருக்கின்றார். அவருக்குப் பின் அப்பதவியை வகித்த ஜோன் வில்லிஸ் 1906இல் இம்மலையைக் குறித்தே விரிவாக எழுதினார். ஒரு செடியினம் எவ்வளவு பரப்பில் வாழ்கின்றது என்பது அவ்வினத்தின் வயதைப் பொறுத்தது என்று பிற்காலத்தில், 1922இல், அவர் வெளியிட்ட கொள்கைக்கு ரிட்டிகலவும் ஒரு தூண்டுகோல். அக்கொள்கையைப் பொதுவிதியாகப் பிற்காலத்துத் தாவரவியலார் ஏற்கவில்லை. ஆனால் அதற்கு அவர் சான்றாக எடுத்த செடி இருக்கின்றது. கோலியஸ் இலோங்காற்றஸ் என்று திறைமன் பெயரிட்ட சிறு செடி அது. இம்மலையின் உச்சிப் பாறைகளில் வளர்வது. வேறெங்கும் கண்டதாகப் பதிவில்லாததால் பெயர்பெற்றது.

இதைப் படித்தபோது என் கசப்பு சற்றுத் தணிந்தது. நான் கைநீட்டிய செடி அதுவன்று. அது உச்சிக்குரியது, நான் நின்றது பாதி வழி. ஆயினும் என் கைக்கு அந்த வேற்றுமை தெரியுமா? பரியாரியார் மகனான எனக்கே தெரியாது. சஞ்சீவி என்ற பெயரைக் கேட்டு வருகிற ஒவ்வொருவனும் ஓர் இலை பறித்தால், முதலில் முடிந்துபோவது எங்கும் நிறைந்த செடியா, ஒரே பாறையில் ஒட்டியிருக்கும் செடியா? எங்கள் ஊர்க்காட்டில் முன்பு கால் வைத்த இடமெல்லாம் கிடந்த சில மூலிகைகளை, இன்று என் தந்தையார் கடையிலே காசு கொடுத்து வாங்குகின்றார். அவை எப்படி அருகின என்று அவரைக் கேட்டால், "நாங்கள்தான் பிடுங்கினோம்" என்பார்.

திரும்பிய அன்று மாலையே அவரிடம் சென்று, கையை விரித்துக் காட்டினேன். மங்கிய கண்ணுக்கும் வெறுங்கை தெரிந்தது.

"விடேல்லையோ?"

"விடேல்லை, ஐயா."

அவர் சிரித்தார். "ஆசானும் அதைத்தானே சொன்னவர்" என்றார். பிறகு நடந்ததைச் சொல்லச் சொன்னார். குளத்துப் படியிலிருந்து தொடங்கி, கல்வழி, பாலம், வட்ட மேடை, மந்தி, இரட்டை மேடை என்று ஒன்றும் விடாமல் இரண்டு மணிநேரம் சொன்னேன். கண்ணை மூடிக்கொண்டு கேட்டார். படி எவ்வளவு உயரம் என்று கேட்டுத் தம் உள்ளங்கையால் அளந்து பார்த்தார். "அப்படியெண்டால் நானும் ஏறியிருப்பன்" என்றார்.

சில நாள் கழித்து, கோலியஸ் செடியின் செய்தியையும் வாசித்துக் காட்டினேன். கற்பூரவள்ளியும், கறிக்கு உதவும் சிறுகிழங்கும் அதன் நெருங்கிய உறவினங்கள் என்று சொன்னதும் நிமிர்ந்து உட்கார்ந்தார். கிணற்றடியிலிருந்து ஒரு கற்பூரவள்ளி இலை பறித்து வரச்சொன்னார். கசக்கி மூக்கருகே வைத்து, நெடுநேரம் பேசாமலிருந்தார். "இவனுக்கு ஒரு தமையன் அங்கை மேகத்துக்குள்ளை இருக்கிறான்" என்றார்.

பிறகு, அந்த மருந்தரைத்த கல்லைப் பற்றிக் கேட்டார். தேய்ந்த குழி நீளமாக இருந்ததா, வட்டமாக இருந்ததா? நீளமென்றால் குழவியை முன்னும் பின்னும் இழுத்து அரைத்திருக்கிறார்கள், அது பச்சிலைக்குரியது. வட்டமென்றால் சுழற்றி அரைத்திருக்கிறார்கள், அது உலர்மருந்துக்குரியது. இரண்டுக்கும் வைத்தியம் வேறு.

நான் பார்க்கவில்லை என்றேன்.

"அதைப் பாராமல் என்னத்தைப் பார்த்தனீ?" என்றார்.

அடுத்த ஆனி மாதத்தில், மழை இல்லாத ஒரு நாளில், மீண்டும் போவதாக இருக்கிறேன். அந்தக் கல்லிருக்கும் இடத்துக்கு ஏற அனுமதி எதுவும் வேண்டியதில்லை.